ஒன் பாயிண்ட் செவன்

பத்ரிநாராயணன் போன் செய்தபோது நம்பிராஜன்தான் எடுத்தான். பதினைந்து வருஷமாக அந்த எண் அவனுடையது. செம்பூர், மாட்டுங்கா, நெருள், தாணே என்று கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் இருபது முப்பது வீடுகளில் அந்த எண்ணைத்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

"நம்பி, நான் பத்ரி பேசறேன், செம்பூர்லேர்ந்து. கீதா இருக்காங்களா?"

"சொல்லுங்க சார், நான்தான் இருக்கேன்லா."

"நம்ம ப்ளூ டேங் மீன் மேல உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளியா இருக்கு. கீதாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு..."

நம்பிராஜன் போனை மனைவியிடம் நீட்டினான். கீதா அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கி, ஸ்பீக்கரில் போட்டாள். எப்போது பார்த்தார், தீனி எடுக்கிறதா, பாறையில் உடம்பை உரசுகிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பத்ரி ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னார்.

"பூண்டுச் சாற தீனியில கலந்து போடச் சொல்லு. ரெண்டு நாள்ல உதுந்துரும்" என்றான் நம்பிராஜன், கட்டிலில் இருந்தபடியே. இந்த நோய்க்கு அவன் பதினைந்து வருஷமாகச் சொல்லிவரும் மருந்து அது.

கீதா அவனைப் பார்த்தாள். பிறகு போனில் மெதுவாகச் சொன்னாள்: "புள்ளி உதிரும் சார். ஆனா உதிர்ந்தது மணல்ல கிடந்து பெருகி, பத்து மடங்கா திரும்ப வரும். மீன வெளிய எடுத்து, தனித் தொட்டியில போட்டு, காப்பர் மருந்து குடுக்கணும். ஒரு மாசம். பெரிய தொட்டியில அந்த மருந்த ஊத்தக் கூடாது. பவளம், எறா எல்லாம் செத்துப்போவும். அந்தத் தொட்டி ஒன்றரை மாசத்துக்கு மேல மீன் இல்லாம சும்மா கிடந்தாத்தான் கிருமி பட்டினியில சாவும்."

"நீங்க சொன்னா சரிதான்" என்றார் பத்ரி.

அந்த மூன்று சொற்கள் நம்பிராஜனின் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றன. பதினைந்து வருஷத்தில் எந்த கிராக்கியும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. "சரியாயிடுமா, நம்பி?" என்றுதான் கேட்பார்கள்.

ஜூலை முதல் வாரம், மழையில், தோளில் உப்பு மூட்டையோடு சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் அவனுக்கு வலது காறை எலும்பு உடைந்திருந்தது. இரண்டு மாதம் எதையும் தூக்கக்கூடாது என்று கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். தொழில் நின்றுவிடக்கூடாதே என்று கீதா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தாராவியில் அவர்களுடைய மாடிக் கோலி அறையில் உப்புத் தண்ணீர் கலக்கும் வேலையை ஆரம்பத்திலிருந்தே அவள்தான் செய்துவந்தாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் நினைத்திருந்தான். கண்ணாடியைத் துடைத்து, பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு வந்தால் போதும் என்றுதான் சொல்லி அனுப்பினான்.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவள் வேலை பார்த்திருந்தாள். அந்தப் பழக்கம் போகவில்லை. போன வீட்டிலெல்லாம் தண்ணீரை அளந்தாள். அளந்ததைச் சீட்டில் எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ரயிலில் நின்றுகொண்டே மீன் நோய் பற்றிய வீடியோக்களைப் பார்த்தாள். முதல் வாரம் வீட்டுக்காரர்கள், "நம்பி எப்போ வருவார்?" என்று கேட்டார்கள். மூன்றாவது வாரம் யாரும் கேட்கவில்லை. மாட்டுங்காவில் விஜயலக்ஷ்மி அம்மாள், "உன் ஆம்படையான் இத்தனை வருஷமா வரானே, ஒரு நாளாவது இப்படி அளந்து எழுதிக் குடுத்திருக்கானா?" என்று கேட்டதாக கீதாவே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு அதில் கள்ளம் இல்லை. அவனும் சிரித்துவைத்தான். அன்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

பத்ரியின் வீட்டில் தவழுகிற குழந்தை. அவர் மனைவி ஷ்ருதி, ஹீட்டரும் வயருமாக இன்னொரு தொட்டியைத் தரையில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். அதனால் கீதா மீன்களைத் தாராவிக்கே கொண்டுவந்துவிட்டாள். தெர்மோகோல் பெட்டிக்குள் மூன்று பைகள். ஒன்றில் ப்ளூ டேங். மற்ற இரண்டில் விரல் நீள க்ளௌன் மீன்கள்.

அந்த க்ளௌன் ஜோடியை ஜூன் மாதம் கடையிலிருந்து வாங்கி வந்து நேராகப் பெரிய தொட்டியில் விட்டவன் நம்பிராஜன்தான். நோய் எங்கிருந்து வந்தது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. கீதாவுக்கும் இல்லை. ஆனால் பத்ரி கேட்டபோது அவள், "எப்படியோ வந்துருக்கு சார்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவள் தன்னைக் காப்பாற்றியது, குற்றம் சாட்டியிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடப் பெரிய எரிச்சலை அவனுக்குத் தந்தது.

ஜன்னலோரம் இரும்பு மேஜை மேல் எண்பது லிட்டர் தொட்டி ஏறியது. மணல் இல்லை, பாறை இல்லை. மீன் ஒளிந்துகொள்ள வெள்ளைப் பைப் துண்டுகள் நாலு, குமிழி விடும் ஸ்பாஞ்ச், ஹீட்டர், அவ்வளவுதான். ப்ளூ டேங் உள்ளங்கை அகலம் இருந்தது. வானத்து நீலத்தில் உடம்பு, மஞ்சள் முதுகுத் துடுப்பு, கறுத்த முகம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நூறு மீன்களுக்கு நடுவில் அதைத் தேர்ந்தெடுத்து பத்ரிக்குக் கொடுத்தவன் நம்பிராஜன். இப்போது அதன் மேலெல்லாம் ரவை ஒட்டினமாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

கீதா மருந்தை ஒரேயடியாக ஊற்றவில்லை. நாலு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். காப்பர் அளவு இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே நிற்கவேண்டும். குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் மீன் தாங்காது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மீட்டர் ஒன்று வாங்கியிருந்தாள். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு பாக்கெட் பொடியைக் கலக்கி உள்ளே வைத்தால் எண் காட்டும். பொடி பாக்கெட் சுலபமாகக் கிடைப்பதில்லை. எண்ணி வைத்து, நாளைக்கு ஒன்று என்று செலவழித்தாள்.

பத்து நாளில் புள்ளிகள் போய்விட்டன. மீன் கண்ணாடிக்கு வந்து கீதாவின் விரலைத் தொடர்ந்தது. காலையில் எழுந்ததும் அவள் முதலில் அதன் முகத்தைத்தான் பார்த்தாள்.

அவள் போன் அடிக்கடி மினுங்கியது. எல்லாம் பத்ரியிடமிருந்து. ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது நம்பிராஜன் இடது கையால் அதை எடுத்துத் திறந்தான். என்ன எதிர்பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. தப்பாக ஏதாவது இருந்திருந்தால் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். மேலே போகப் போக வெறும் எண்கள். காலை 2.1, சாப்பிட்டது. காலை 2.2, நன்றாகச் சாப்பிட்டது. அவரிடமிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு 'நன்றி கீதா'. வேறு ஒன்றுமே இல்லை. போனை இருந்த இடத்தில் வைத்தான். காதல் கடிதம் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு பொறாமைப்பட்டிருக்க மாட்டோம் என்று தோன்றியது.

மூன்றாவது வாரம் கீதா அவனிடம் ஒரு வேலை கொடுத்தாள்.

"ஏங்க, காலையில தண்ணி மாத்துனதும் அளவு இறங்கிருது. நீங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு அளந்து எனக்குச் சொல்லிட்டா, சாயந்திரம் வந்து எவ்வளவு ஊத்தணும்னு பாத்துக்கிடுவேன். உங்களுக்கும் சும்மா கிடந்து பொழுது போவலல்லா."

கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்று நாள் அவன் ஒழுங்காக அளந்தான். ஒற்றைக் கையால் குப்பியைத் தொடைக்கு நடுவே இடுக்கி, பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, பொடி சிந்தாமல் கொட்டி, குலுக்கி, எண்ணைப் பார்த்துப் போனில் சொன்னான். நாலாவது நாள் இரண்டு மணிக்கு அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டேகாலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"அளந்தாச்சா?"

பின்னால் விஜயலக்ஷ்மி அம்மாளின் குரல் கேட்டது. "யாரு, ஆம்படையானா? இப்போ அவன்தான் உனக்கு அசிஸ்டென்ட்டா?" கூடவே கீதாவின் சிரிப்பு. பெரிய சிரிப்புகூட இல்லை, மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு.

"ஒன் பாயிண்ட் செவன்" என்றான் நம்பிராஜன்.

"ஒன் பாயிண்ட் செவனா? இறங்கிட்டே. சரி, வந்து ஊத்துதேன்."

போனை வைத்தான். இப்போதுகூட எழுந்து அளக்கலாம், தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று கூப்பிட்டுச் சொல்லலாம். அவன் எழுந்தான். டப்பாவிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கிழித்து, பொடியைப் பாத்திரம் கழுவும் மோரியில் கொட்டி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினான். வெறும் பாக்கெட்டைக் குப்பையில் அவள் கண்ணில் படும்படி போட்டான்.

அன்று சாயந்திரம் கீதா மருந்து ஊற்றினாள். மறுநாளும் அவன் அளக்கவில்லை. நேற்றைய பொய்க்குப் பொருந்துகிற மாதிரி ஒரு எண் வேண்டியிருந்தது.

"இன்னைக்கும் ஒன் பாயிண்ட் செவன்தான்."

"நேத்து ஊத்துனமே? ஏறவே இல்லையா?"

"ஸ்பாஞ்ச் மருந்தக் குடிக்கும். பழசாச்சுன்னா அப்படித்தான்."

அப்படி ஒன்றும் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். மறுமுனையில் கீதா யோசித்தாள். "நீங்க சொன்னா சரிதான். எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது" என்றாள்.

இரண்டாவது பாக்கெட்டும் மோரிக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் காலை ப்ளூ டேங் பைப்புக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. செவுள் படபடவென்று அடித்தது. நீலம் வெளிறிச் சாம்பலாகியிருந்தது. தீனி போட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. கீதா குப்பியை எடுத்து அளந்தாள். மீட்டரைப் பார்த்தவள் இன்னொரு பாக்கெட்டைக் கிழித்து மறுபடி அளந்தாள்.

"மூணு பாயிண்ட் நாலு" என்றாள். "ஏங்க... நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்?"

நம்பிராஜன் கட்டிலிலிருந்து இறங்கினான். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் நோட்டைப் புரட்டிப் பக்கம் பக்கமாகத் தேட ஆரம்பித்துவிட்டாள். சிரிஞ்சை எடுத்து வெளிச்சத்தில் கோடுகளைப் பார்த்தாள். தொட்டியின் நீள அகலத்தை மறுபடி சாண் போட்டு அளந்தாள்.

"தண்ணி மாத்தணும்ட்டி. முதல்ல அதச் செய்வோம்."

"எவ்வளவு மாத்துறது? தொட்டி எத்தனை லிட்டர்னு நான் போட்ட கணக்கே தப்பாத்தான் இருக்கணும். அது தெரியாம மாத்தி, ஒரேயடியா இறங்கிப் போச்சுன்னா?"

அவளுடைய கணக்கு தப்பில்லை என்று உலகத்தில் அறிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் எவ்வளவு மாற்றுவது என்று அவனுக்குத் தயக்கம் இல்லை. குழாயை வாயில் வைத்து உறிஞ்சி முப்பது லிட்டரை வெளியே விட்டான். மூலையில் டிரம்மில் இருந்த உப்புத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக இடது கையால் முகந்து, ஓரத்தில் சத்தமில்லாமல் ஊற்றினான். தோள் கட்டு அவிழ்ந்து வலி மின்னல் மாதிரி வெட்டியது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முடித்து அளந்தபோது இரண்டு புள்ளி ஒன்று. சாயந்திரம் மீன் நிமிர்ந்தது. அதிலிருந்து மூன்றாம் நாள் ஒரு துண்டு கடற்பாசியைக் கடித்து இழுத்தது.

கீதா பத்ரிக்குப் போன் செய்ததை அவன் பக்கத்திலிருந்தே கேட்டான். "என் கணக்குல தப்பு நடந்துபோச்சு சார். மருந்து கூடிட்டு. எங்க வீட்டுக்காரருதான் ஒத்தக் கையால காப்பாத்துனாங்க. இவங்க இல்லன்னா மீன் இல்ல." பிறகு போனை அவனிடம் கொடுத்தாள். "நம்பி, ரொம்ப தாங்க்ஸ். அனுபவம் அனுபவம்தான்" என்றார் பத்ரி.

அடுத்த நாலு வாரம் நம்பிராஜன் சந்தோஷமாக இருந்தான். அதை மறைத்துச் சொல்ல முடியாது. கட்டைப் பிரித்துவிட்டார்கள், கை மெல்ல இயங்க ஆரம்பித்தது. கீதா மீட்டரை அவனிடம் ஒப்படைத்தாள். "நீங்களே பாருங்க. எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை இல்ல" என்றாள். எதற்கும் அவனைக் கேட்டாள். மருந்துக் காலம் முடிந்து மீன்களை நல்ல தண்ணீருக்கு மாற்றியபோதும் அவன் சொன்னபடியே செய்தாள். வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். மறுபடியும் அவன் செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் போனான். வீட்டுக்காரர்கள் விசாரித்தால், "அவளுக்கு முடியல, இனிமே நான்தான்" என்றான். அவள் ஒட்டிவைத்த சீட்டுகளை ஒரு வீட்டில் கிழித்துப் போட்டான்.

அவர்கள் மகள் இசக்கிசெல்வி சயானில் கல்லூரி முதல் வருஷம் படிக்கிறாள். ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, ஏன் நீ இப்ப வேலைக்குப் போறதில்ல? நீ போன இடத்துல எல்லாம் மீன் மஸ்த்தா இருந்துச்சே."

"எனக்கு அது சரிப்படல. ஒரு உயிரக் கொல்லப் பாத்தேன்" என்றாள் கீதா. அதோடு எழுந்து போய் பாத்திரம் தேய்த்தாள். தொட்டிப் பக்கம் அவள் இப்போது பார்ப்பதே இல்லை. மீன் அவளைக் கண்டதும் கண்ணாடிக்கு வரும், அவள் துணியை மடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மத்தியானம் உப்பு வாங்கிய தேதி பார்ப்பதற்காக அவளுடைய நோட்டை எடுத்தான். கடைசிப் பக்கங்களில் ஒரே பெருக்கல் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. நீளம், அகலம், உயரம், லிட்டர், அதற்கு எத்தனை மில்லி மருந்து. பென்சிலில் ஒரு தடவை, பேனாவில் ஒரு தடவை, பிறகு வேறு நாளில், வேறு பேனாவில். எண்ணிப் பார்த்தான், ஒன்பது தடவை. ஒன்பதிலும் ஒரே விடை. ஒன்பதும் சரி. எங்கே தப்பு என்று தெரியாமல் கடைசி விடைக்குக் கீழே அவள் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

நோட்டை மூடி வைத்தான். மீன் பிழைத்துவிட்டது, யாருக்கு என்ன நஷ்டம் என்று அதுவரை தனக்குச் சொல்லிவந்த சமாதானம் அதற்குப் பிறகு வாயில் நிற்கவில்லை. ஆனாலும் அவன் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை.

கணபதி விசர்ஜனம் முடிந்த மறுவாரம் மீன்களைச் செம்பூருக்குக் கொண்டுபோனார்கள். கீதா தானும் வருவேன் என்றாள். "போன்ல சொன்னா போதாது. நேர்ல ஒரு தடவ மன்னிப்பு கேட்டுட்டு வந்துருதேன்."

பத்ரி வீட்டில் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு சமமாகும்வரை காத்திருந்தார்கள். பிறகு நம்பிராஜன் மீனைத் திறந்து விட்டான். ப்ளூ டேங் ஒரு வட்டம் அடித்து, பழைய பாறைப் பொந்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. ஷ்ருதி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். பத்ரி கைதட்டாத குறை.

கீதா புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சார், நீங்க என்ன நம்பி ஒப்படைச்சீங்க. நான் கவனக்குறைவா இருந்து அதச் சாகக் கிடத்திட்டேன். இனிமே நான் இந்த வேலைக்கு வர மாட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப்போகிற பிள்ளை நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றான் நம்பிராஜன். "அவ கணக்கு சரிதான். அளவு நான் தப்பாச் சொன்னேன்."

"எப்படி?" என்றார் பத்ரி.

"அளக்கல. அளக்காமலே ஒன் பாயிண்ட் செவன்னு சொன்னேன். ரெண்டு நாளும். அத நம்பித்தான் அவ மருந்து ஊத்துனா."

"கை சரியில்லாததால அளக்க முடியலையா?" என்று கேட்டார் பத்ரி. அவனுக்கு ஒரு வழி திறந்துவிட்டார்.

"கை ஒண்ணும் இல்ல. எல்லாரும் அவளையே கேக்காங்கன்னு வயித்தெரிச்சல்."

ஷ்ருதி குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். பத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்பி, நீங்க தப்பா நினைச்சுக்கப்படாது. இனிமே நம்மாத்துக்கு கீதாவே வரட்டும்."

"சரி சார்" என்றான்.

லிஃப்டில் கீதா எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரோட்டுக்கு வந்து ஆட்டோவுக்கு நின்றபோதுதான் கேட்டாள்.

"பாக்கெட் ரெண்டு குறைஞ்சிருந்துச்சே?"

"மோரியில கொட்டிட்டேன்."

"அப்பம் தெரியாமச் செஞ்சதில்ல."

"இல்ல."

வந்த ஆட்டோவை அவள் போகவிட்டாள். "நாலு வாரம் என் பக்கத்துல உக்காந்து சோறு சாப்பிட்டிருக்கீய. நான் மறுபடி மறுபடி கணக்குப் போடுதத பாத்தீயளா இல்லையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டும் இருந்தீய." அவள் குரல் உயரவே இல்லை. "அங்க அவிய முன்னாடி எதுக்குச் சொன்னீய? வீட்டுல எங்கிட்டச் சொல்ல வாய் வரல, ஊருக்கு முன்னாடி யோக்கியனாவணுமோ?"

"அப்படி இல்லட்டி. நீ கையக் கட்டிட்டு நின்னத பாக்க முடியல."

"நான் வேலைய விட்டதுல உங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சா?"

அவன் பொய் சொல்ல நினைத்தான். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருந்துச்சு" என்றான்.

கீதா தலையை ஆட்டினாள். அடுத்த ஆட்டோவில் ஏறி அந்த ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். தாராவி வரும்வரை இருவருக்கும் நடுவே காலி தெர்மோகோல் பெட்டி இருந்தது.

எட்டு நாள் அவள் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. இசக்கிசெல்வி என்ன நடந்தது என்று இருவரிடமும் கேட்டு, இருவரும் சொல்லாததால் கோபித்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் காலை கீதா பையை எடுத்து மீட்டரை உள்ளே போட்டாள். செம்பூரும் மாட்டுங்காவும் தனக்கு, நெருளும் தாணேயும் அவனுக்கு என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். தனக்கென்று வேறு போன் எண் வாங்கிக்கொண்டாள். மாட்டுங்காவில் அவளுக்கு இரண்டு வீடு கூடியது. அவன் பக்கம் ஒரு வீடு குறைந்தது. பத்ரி யாரிடமாவது சொல்லியிருப்பார், அல்லது சொல்லாமலும் இருக்கலாம்.

அவள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. அவன் ஒரு அளவைச் சொன்னால், "ம்" என்று கேட்டுக்கொண்டு, தானும் ஒரு தடவை அளந்து பார்ப்பாள். அவன் எதிரில்தான் அளப்பாள்.

அவனுக்கும் எரிச்சல் முழுசாகப் போகவில்லை. அவள் போன் அடித்தால் யார் என்று காது தானாகப் போகும். நவம்பரில் தாணேக்காக அவன் வாங்கிய மஞ்சள் டேங் ஒன்றைப் பழையபடி நேராகக் கொண்டுபோகாமல் அந்த மேஜைத் தொட்டியிலேயே விட்டுவைத்தான். நாலாம் நாள் அதன் கண்ணில் புகைபோல் ஒரு படலம். என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. காலை முழுக்கத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பாட்டுக்கு அவள் வந்ததும் கேட்டான்.

"ஏ கீதா, இது என்னன்னு கொஞ்சம் பாரேன்."

அவள் தட்டை வைத்துவிட்டு வந்து குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "பைப்புல இடிச்சிருக்கும். ஒரு கண்ணுல மட்டும்தான இருக்கு, நோய்னா ரெண்டுலயும் வரும். தண்ணிய சுத்தமா வச்சாப் போதும், மருந்து வேண்டாம்" என்றாள்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஒரு கண், இரண்டு கண் என்று தனக்கு ஏன் தோன்றவில்லை?

"சரி, தண்ணி மாத்துதேன்" என்று சொல்லி, டிரம்மின் மூடியைத் திறந்தான். அவள் திரும்பிப் போய் ஆறிய சோற்றைப் பிசைந்தாள்.